கடல் கடந்த பந்துக்களுக்கு வீட்டுச் சமாசாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை விட்டு அமெரிக்கா, கானடா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து முதலிய தேசங்களுக்குக் குடிபெயர்ந்த ஜனங்களைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றுள் கணிசமான பகுதி, அவர்கள் ஊரிலே விட்டுச் சென்ற உற்றார் உறவினருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து கிடைத்தது. காடு வெட்டி நிலம் திருத்திய கதை, காணியின் விலை, கூலியின் அளவு, குளிர்காலத்தின் கொடுமை, மாட்டிறைச்சி மலிவாகக் கிடைக்கும் அதிசயம் ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் எழுதினார்கள். ஊரில் இருந்தவர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து, அயல்வீட்டாருக்கும் படித்துக் காட்டி, பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார்கள். 1832 முதல் 1837 வரை ஸஸ்ஸெக்ஸ் ஜில்லாவின் பெட்வொர்த் பகுதியிலிருந்து ஏறக்குறைய 1,800 ஏழை மக்களைக் கானடாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய தாமஸ் ஸாக்கெட் என்னும் பாதிரியார், அங்கிருந்து வந்த கடிதங்களைத் திரட்டி அச்சிட்டே வெளியிட்டார். பின்னாளில் சார்லட் எரிக்ஸன் என்னும் சரித்திர ஆசிரியை, அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் எழுதிய இத்தகைய கடிதங்களைக் கொண்டே 1972-இல் ஒரு பெரிய நூலை உருவாக்கினார்.

இந்தச் சம்பாஷணையில் மற்றொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்திலிருந்து அவர்களுக்குச் சென்ற கடிதங்கள் எங்கே? அவை மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. குடியேறியவனுடைய வாழ்க்கை ஓரிடத்தில் நிலைத்ததன்று. இன்று மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசையில் இருப்பான், அடுத்த வருஷம் நூறு மைல் தள்ளி வேறு நிலம் தேடிப் போய்விடுவான். மழையும் நெருப்பும் இடமாற்றமும் சேர்ந்து காகிதங்களை அழித்துவிட்டன. ஆகவே, ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு மற்றொரு பக்கத்தை ஊகிக்கும் நிலையில் நாம் இருக்கிறோம். என் மனத்தை அதிகமாக உருக்குவது இந்த இழந்த பக்கமே. ஏனெனில், போனவனுக்கு எழுதுவதற்கு உலகமே புதியதாக இருந்தது. இருந்தவர்களுக்கோ நேற்றைப்போலவே இன்றும் விடிந்தது. அதே தெரு, அதே தேவாலய மணி, அதே அடுப்பங்கரை. இதில் நாலாயிரம் மைல் தாண்டி அனுப்பத்தக்க விசேஷம் என்ன இருக்கிறது என்று அவர்கள் தயங்கினார்கள். அவன் கேட்டதோ அதைத்தான். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்றா, பாட்டியின் இருமல் எப்படி இருக்கிறது, பக்கத்து வயலை யார் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், என் பழைய நாய் உயிரோடு இருக்கிறதா என்றெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அக்காலத்து ஆங்கிலேயக் குடியானவர்கள் கடிதம் தொடங்கும் முறை நமக்கு மிகவும் பழக்கமானது. கடவுள் கிருபையால் நாங்கள் சுகமாக இருக்கிறோம், நீங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்ற பொருளில் ஒரு வாய்பாடு அமைந்திருந்தது. நம் வீடுகளில் இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும் என்று தொடங்கியதற்கும் அதற்கும் வேற்றுமை அதிகமில்லை. ஆனால் சுகமாக இருக்கிறோம் என்று எழுதியவர், கடிதம் போய்ச் சேரும் நாளிலும் சுகமாக இருப்பார் என்பதற்கு உறுதி ஏது? பாய்க்கப்பல்களில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கா சேர ஐந்து, ஆறு வாரங்கள் பிடிக்கும். ஆஸ்திரேலியாவுக்கு மூன்று, நான்கு மாதங்கள். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் குழந்தை பிறந்து நடக்கவும் தொடங்கிவிடலாம், முதியவர் மறைந்தும் போகலாம்.

செலவோ சாமானியமானதன்று. 1840-க்கு முன் பிரிட்டிஷ் தபாலில், தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் விதித்தார்கள்; பெரும்பாலும் கடிதம் பெறுபவரே அதைச் செலுத்த வேண்டும். இதனால் ஒரே தாளில் முதலில் நேராக எழுதி முடித்து, பிறகு தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக மறுபடியும் எழுதும் வழக்கம் பரவியிருந்தது. கடலைக் கடந்த பின்பும் செலவு ஓயவில்லை. 1816 முதல் அமெரிக்க உள்நாட்டுத் தபாலில் நானூறு மைலுக்கு அப்பால் செல்லும் ஒற்றைத் தாளுக்கு 25 சென்ட் வாங்கினார்கள். இரண்டு தாளானால் அது இரட்டிப்பாகும்.

இத்தகைய காலத்தில், அதிர்ஷ்டவசமாக அழியாமல் தப்பிய கடிதங்களுள் தலைசிறந்தவை, ஜான் கீட்ஸ் என்னும் இளங்கவி தன் தம்பி ஜார்ஜுக்கும், தம்பியின் மனைவி ஜார்ஜியானாவுக்கும் எழுதியவை. கவிஞர் என்பதற்காக அவற்றைப் போற்றுவோர் பலர். வீட்டுச் சமாசாரம் எழுதிய ஓர் அண்ணன் என்ற முறையில் அவரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கீட்ஸ் குடும்பத்தில் மூன்று சகோதரர்களும் ஒரு சகோதரியும் இருந்தார்கள். தந்தை 1804-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார்; தாய் 1810-இல் காலமானார். தாய் தந்தையரை இழந்து, ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு வளர்ந்த அந்த நால்வருள், ஜார்ஜ் தமது இருபத்தோராம் வயதில் மணம் புரிந்து, 1818 ஜூன் மாதம் மனைவியுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். இல்லினாய் புல்வெளியில் மோரிஸ் பர்க்பெக் என்பவர் அமைத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர் குடியிருப்பில் சேர்வது அவருடைய நோக்கம். கடைசியில் கென்டக்கி மாகாணத்தில் தங்கி, லூயிவில் நகரத்தில் நிலைத்தார். லிவர்பூல் வரையில் உடன் சென்று விடைகொடுத்த ஜான், ஸ்காட்லாந்தில் கால்நடையாகச் சுற்றிவிட்டு ஆகஸ்டில் வீடு திரும்பியபோது, இளைய தம்பி டாம் க்ஷயரோகத்தால் மிகவும் நலிந்து கிடந்தார். அக்டோபரில் ஜார்ஜுக்கு எழுதத் தொடங்கிய நீண்ட கடிதத்தில் இந்தத் துயரத்தை மறைக்காமல் சொல்லியவர், அதே கடிதத்தில், ஜார்ஜுக்குப் பிறக்கப்போகும் குழந்தை அமெரிக்காவின் முதற்கவியாகட்டும் என்று ஆசீர்வதித்து ஒரு தாலாட்டும் பாடி வைத்தார். நோயாளியின் படுக்கை அருகே அமர்ந்து, இன்னும் உலகைக் காணாத குழந்தைக்குத் தாலாட்டு எழுதிய அந்த இருபத்திரண்டு வயது இளைஞரின் மனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

டிசம்பர் முதல் தேதி டாம் இறந்தார். இந்தச் செய்தியை ஜார்ஜுக்கு அறிவிக்கும் பாரத்தை ஹாஸ்லம் என்னும் நண்பர் முதலில் ஏற்றுக்கொண்டார். டிசம்பர் பதினாறில் தம் கடிதத்தைத் தொடங்கிய ஜான், ஹாஸ்லத்தின் கடிதம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருந்தால் முதல் அதிர்ச்சி இதற்குள் கழிந்திருக்கும் என்பதே தமக்கு ஆறுதல் என்கிறார். மரணச் செய்தியை ஒரே அடியாகச் சொல்லாமல், கேட்பவரை முதலில் ஒருவாறு ஆயத்தப்படுத்திப் பிறகு சொல்லும் கருணை எல்லாத் தேசத்தாருக்கும் பொது. ஆனால் இரண்டு கடிதங்களுள் எது முந்தும் என்பது காற்றின் கையில் இருந்த காலத்தில், அந்தக் கருணைக்கும் எவ்வளவு முன்யோசனை வேண்டியிருந்தது பாருங்கள். டாமின் கடைசி நாட்கள் வேதனையானவை, கடைசிக் கணமோ வலியின்றிக் கழிந்தது என்று அவர் சுருக்கமாகச் சொல்லி நிறுத்துகிறார். பிறகு ஜார்ஜியானாவின் தாயாரையும் சகோதரர்களையும் பற்றிய சமாசாரம் வருகிறது. தங்கை ஃபானியைப் பார்க்கப் பாதுகாவலர் எளிதில் இடங்கொடாத வருத்தம் வருகிறது. புதிதாகப் பழக்கமான ஃபானி பிரான் என்னும் பெண்ணைப் பற்றிய வர்ணனையும் வருகிறது.

அந்தக் கடிதத்திலேதான் அவர் ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குத் தாம் ஷேக்ஸ்பியரில் ஒரு பகுதியைப் படிக்கப் போவதாகவும், அதே நேரத்தில் ஜார்ஜும் ஒரு பகுதியைப் படித்தால், கண்ணில்லாத இருவர் ஒரே அறையில் இருப்பதுபோல அவ்வளவு நெருக்கமாக இருக்கலாம் என்றும் எழுதுகிறார். லண்டனில் பத்து மணி அடிக்கும்போது கென்டக்கியில் இன்னும் பொழுதே புலர்ந்திராது. அவரவர் ஊர்க் கடிகாரப்படி படித்திருந்தால் இருவர் நேரமும் ஒன்றாயிராது. ஆயினும் வாரத்தில் ஒரு வேளையைத் தமக்காக ஒதுக்கி ஒருவர் காத்திருக்கிறார் என்ற அறிவே பிரிந்து வாழ்பவனுக்கு எவ்வளவு பெரிய ஆதரவு!

1819 பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கி மே 3-ஆம் தேதி முடிந்த மற்றொரு கடிதம், இவ்வகையில் ஒரு மகா காவியம் என்றே சொல்லத் தகும். குடியிருப்பிலிருந்து ஏன் இன்னும் ஒரு கடிதமும் வரவில்லை, வழியில் தவறியிருக்க வேண்டும், தினந்தோறும் எதிர்பார்க்கிறேன் என்ற ஏக்கத்தோடு அது தொடங்குகிறது. பதில் வரவில்லையே என்று பேனாவைக் கீழே வைக்காமல், பதினொரு வார காலம் விட்டு விட்டு அவர் எழுதிக்கொண்டே போகிறார். முதன்முதலாகக் கிரிக்கெட் மட்டையைப் பிடித்த அன்றே பந்து பட்டுக் கண் கறுத்துப்போனதும், நண்பர் பிரௌன் இமையில் அட்டை விட்டு ரத்தத்தை எடுத்ததும் அதில் இருக்கின்றன. கவி கோல்ரிட்ஜைப் பாதையில் சந்தித்து ஏறக்குறைய இரண்டு மைல் உடன் நடந்ததும், அந்தப் பெரியவர் நைட்டிங்கேல் பறவை முதல் கனவு, கடற்கன்னி வரையில் எத்தனையோ விஷயங்களைத் தொட்டுப் பேசியதும் இருக்கின்றன. இவ்வுலகம் ஆன்மாக்கள் உருவாகும் இடம் என்ற ஆழ்ந்த தத்துவ விசாரமும், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கவிதைகள் சிலவும், இந்தச் சில்லறைச் சமாசாரங்களுக்கு இடையிலே, தம்பி பார்க்கட்டும் என்று எழுதி வைத்தவையே.

அக்கடிதத்தில் ஓரிடத்தில் அவர், தாம் அந்த நிமிஷத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதை வர்ணிக்கிறார். நெருப்புக்கு முதுகைக் காட்டி, ஒரு கால் விரிப்பின்மேல் சற்றே கோணலாகவும், மற்றக் காலின் குதிகால் தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்தும் இருக்க எழுதிக்கொண்டிருக்கிறாராம். இவை அற்ப விஷயங்கள்தாம் என்று ஒப்புக்கொண்டு, மறைந்த மகான்களைப் பற்றியும் இவ்வாறு தெரிந்தால் எவ்வளவு இன்பமாயிருக்கும், ஷேக்ஸ்பியர் 'இருப்பதா, இல்லாதொழிவதா' என்ற புகழ்பெற்ற வசனத்தைத் தொடங்கும்போது எந்த நிலையில் உட்கார்ந்திருந்தார் என்று அறிய முடிந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். எழுத விசேஷம் இல்லை என்று தயங்கிய ஆயிரமாயிரம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் இதைவிடச் சிறந்த பதில் ஒருவரும் சொன்னதில்லை என்பது என் அபிப்பிராயம். தூரத்தில் இருப்பவனுக்குப் பெரிய செய்திகள் பத்திரிகை வாயிலாகவும் கிடைத்துவிடும். அண்ணனின் கால் விரிப்பின்மேல் எப்படிக் கிடக்கிறது என்பதை அண்ணன் ஒருவரே சொல்ல முடியும்.

அதே ஆண்டு செப்டம்பரில் வின்செஸ்டரிலிருந்து எழுதியபோது, பிரிவின் பயங்கரமான பகுதியையும் அவர் தொட்டுவிடுகிறார். மனித உடல் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் புதுப்பொருளாக மாறிவிடுகிறது என்று அக்காலத்தவர் நம்பினர். அப்படியானால் ஏழு வருஷம் கழித்துச் சந்திக்கும்போது, பிரிந்த அதே கைகள் ஒன்றையொன்று பற்ற முடியாதே என்று அவர் கலங்குகிறார். இதற்குப் பரிகாரமாக அவர் கண்டது, ஒருவரை நோக்கி மற்றவர் மனத்தை விடாமுயற்சியோடு, நாடக பாவனையோடு செலுத்திப் பழகுவதுதான். ஜார்ஜ் அப்போது வியாபாரத்தில் பணத்தை இழந்து தத்தளித்துக்கொண்டிருந்தார். அவருக்காக ஜான் லண்டனுக்கு விரைந்து பாதுகாவலரைக் கண்டு பேசியதும் இதே கடிதத்தில் இருக்கிறது. ஆக, குடும்பக் கடிதம் மன ஆறுதலை மட்டும் சுமக்கவில்லை. கடன், பாகம், சொத்துப் பிரிவினை என்பனவும் அதே உறையில் பிரயாணம் செய்தன.

1820 தொடக்கத்தில் ஜார்ஜ் பணத்தேவைக்காக ஒருமுறை இங்கிலாந்து வந்து, ஜனவரி இறுதியில் திரும்பினார். அவர் சென்ற சில தினங்களில், பிப்ரவரி 3-ஆம் தேதி, ஜான் ரத்தம் கக்கினார். மறு ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி ரோமாபுரியில் உயிர் நீத்தார். ஜார்ஜ் அந்தக் கடிதங்களைக் காப்பாற்றினார். 1841-இல் அவர் இறந்த பின், ஜார்ஜியானாவை மறுமணம் செய்துகொண்ட ஜான் ஜெஃப்ரி என்பவர், 1845-இல் அவற்றைப் பிரதி செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். மாங்க்டன் மில்ன்ஸ் 1848-இல் வெளியிட்ட கீட்ஸின் சரித்திரத்தில் அவை இடம்பெற்றன. லூயிவில்லில் ஒரு வீட்டார் பழங்காகிதங்களைத் தூக்கி எறியாமல் இருந்ததற்காக உலகம் கடமைப்பட்டிருக்கிறது.

கீட்ஸ் மறைந்து இருபது ஆண்டுகளுக்குள் தபாலின் ஸ்திதியே மாறிற்று. ரோலண்ட் ஹில் என்பவரின் விடாமுயற்சியால் 1840 ஜனவரி 10 முதல் பிரிட்டனுக்குள் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு எங்கும் ஒரு பென்னி என்ற சட்டம் வந்தது; அதே ஆண்டு ஜூலையில் கியூனார்டின் பிரிட்டானியா என்னும் நீராவிக் கப்பல் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு இரண்டே வாரத்தில் பாஸ்டன் சேர்ந்தது. ஆனால் பென்னித் தபால் கடற்கரையோடு நின்றுவிட்டது. அட்லாண்டிக்கைக் கடக்கும் கடிதத்துக்கு ஒரு ஷில்லிங் ஆயிற்று. தென் இங்கிலாந்தில் பண்ணைக் கூலியாளின் வார வருமானமே எட்டு, ஒன்பது ஷில்லிங்தான். மகனுக்கு ஒரு கடிதம் எழுதுவதென்றால் குடும்பத்தின் ஒருநாள் சாப்பாட்டை அதற்கு ஈடாக வைக்க வேண்டியிருந்தது. எலிஹு பரிட் என்னும் அமெரிக்கர், கொல்லுப்பட்டறையில் உழைத்துக்கொண்டே பல மொழிகளைக் கற்றவர், சமுத்திரத் தபாலுக்கும் ஒரு பென்னி என்று இங்கிலாந்தெங்கும் பிரசாரம் செய்தது இதனால்தான். பலர் கடிதத்துக்குப் பதில் உள்ளூர்ப் பத்திரிகையை அனுப்பினார்கள். அச்செழுத்துகளின் கீழே ஊசியாலோ பென்சிலாலோ புள்ளியிட்டுச் செய்தி சொல்லும் தந்திரமும் இருந்தது. தபால் இலாகாவின் கண்ணில் அது குற்றம். எனினும் ஏழைத்தாய் ஒருத்தி அப்படிச் செய்திருந்தால், அவளைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் ஆங்கிலத் தபால் நம் பக்கமாகவே சென்றது. சூயஸிலிருந்து புறப்படும் நீராவிக் கப்பல்கள் இலங்கையின் காலித் துறைமுகத்தில் நின்று, அங்கிருந்து ஆஸ்திரேலியக் கப்பலுக்குக் கடிதப் பைகளை மாற்றிய காலம் ஒன்று உண்டு. சார்ல்ஸ் டிக்கன்ஸின் புதல்வர்களான ஆல்ஃபிரெட், எட்வர்ட் இருவரும் அந்நாட்டிலேயே இருந்தார்கள். 1870 மே 20-ஆம் தேதி டிக்கன்ஸ் ஆல்ஃபிரெட்டுக்குக் கடிதம் எழுதினார்; ஜூன் 9-ஆம் தேதி காலமானார். தந்தி ஆஸ்திரேலியாவை எட்டியது 1872-இல்தான். தந்தை உயிரோடிருந்து எழுதிய அந்தக் கடிதம் இன்னும் கடலிலே மிதந்துகொண்டிருக்கும்போதே, மகன் தந்தையற்றவனாகிவிட்டான். துக்கச் செய்தி தாங்கிய கடிதங்களுக்குக் கறுப்புக் கரையிட்ட உறை வழங்கிய காலம் அது. தபாற்காரர் அதை நீட்டும்போதே, பிரிக்குமுன், குடும்பத்தில் ஒருவர் இல்லை என்பது தெரிந்துவிடும்; யார் என்பது மட்டும் தெரியாது. அமெரிக்காவுக்கு 1866 முதல் கடலடித் தந்தி இருந்தாலும், இருபது சொற்களுக்கு இருபது பவுன் என்று அது தொடங்கியதால், சாமானியக் குடும்பத்தின் சாவு வாழ்வுகள் கப்பலையே நம்பியிருந்தன.

ஏழைகளுக்கு விடிவு, ஹென்னிக்கர் ஹீட்டன் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் மூலம் வந்தது. இளமையில் ஆஸ்திரேலியாவில் உழைத்து வாழ்ந்த அவர், ஊரிலிருந்து கடிதம் வராத ஏக்கம் இன்னதென்று அறிந்தவர். பல ஆண்டுகள் அவர் வாதாடியதன் பயனாக, 1898 கிறிஸ்துமஸ் தினத்தன்று பிரிட்டனுக்கும் கானடா முதலிய பல குடியேற்ற நாடுகளுக்கும் இடையே பென்னித் தபால் தொடங்கியது. அதற்கு முன் கட்டணம் இரண்டரைப் பென்னி. ஆஸ்திரேலியா பின்னர் சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவுக்கு 1908 அக்டோபர் முதல் தேதி அந்தச் சலுகை கிடைத்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் புறப்பட்டவர்களின் கதை வேறு. பெரியவர்களுக்குப் பத்துப் பவுன், குழந்தைகளுக்கு இலவசம் என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் அழைத்ததை ஏற்று, 1972-க்குள் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் ஜனங்கள் அங்கே சென்றார்கள். இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால் முழுப் பிரயாணச் செலவையும் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால், ஊர் நினைவு வாட்டினாலும் உடனே திரும்ப வழியில்லை. டெலிபோன் இருந்தது, ஆனால் 1927-இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தொடங்கியபோதே மூன்று நிமிஷத்துக்குப் பதினைந்து பவுன் கேட்ட சாதனம் அது, தொலைதூரப் பேச்சு நெடுங்காலம் வரையில் நிமிஷக் கணக்குப் பார்த்துப் பேசும் ஆடம்பரமாகவே இருந்தது. ஊரில் இருந்த தாய்மாருக்குக் கைகொடுத்தது, யுத்தகாலத்தில் படைவீரருக்காக ஏற்பட்டுப் பின்பு யாவருக்கும் உரியதாகிய ஆறு பென்னி ஆகாயக் கடிதம். மடித்து ஒட்டினால் தானே உறையாகிவிடும் மெல்லிய நீலத் தாள்.

அதனுள் வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது அக்காலத்து விதி. வைத்தால் விமானத்தில் போகாது. ஆகவே பேரனுக்குப் புகைப்படமோ, பத்திரிகைத் துண்டோ அனுப்ப முடியாமல், எல்லாவற்றையும் சொற்களாலேயே எழுத வேண்டியதாயிற்று. மழையால் உருளைக்கிழங்குச் செடி அழுகியது, எதிர்வீட்டு அம்மாளின் இடுப்புவலி, பஸ் கட்டணம் உயர்ந்தது, அப்பா மீண்டும் புகைக் குழாயைத் தொலைத்துவிட்டுத் தேடியது என்று வாரந்தோறும் அவர்கள் எழுதினார்கள். இடம் போதாமல் ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதினார்கள். ஒட்டுவதற்கு விட்ட மடிப்பின்மேலும் ஒரு வரி எழுதிவிட்டே தபாலில் சேர்த்தார்கள்.